பாரிஸிலிருந்து வெர்சாய் அரண்மனைக்கு: தப்பான ரயிலில் ஏறாமல் போவது எப்படி?

வெர்சாய் அரண்மனைக்குப் போக டூர் பஸ் தேவையே இல்லை. பாரிஸ் நடுவிலிருந்து ரயிலில் சுமார் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். இருந்தாலும் அம்மாவோடு முதல் தடவை கிளம்பியபோது வேறெங்கோ போய் நின்றேன். அடுத்த தடவைதான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். விசா, விமானம், அறை எல்லாம் முடித்து நீங்கள் பாரிஸில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கிழமை

திங்கள்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதால் அந்தக் கூட்டமும் இங்கேதான் வரும். புதன் அல்லது வியாழன் போங்கள்.

நுழைவுச்சீட்டு

அரண்மனையின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள், காலை 9 மணிக்கே நேரம் குறியுங்கள். அங்கே 'பாஸ்போர்ட்' என்று ஒன்று இருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கைப்பையில் கடவுச்சீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். அது அரண்மனையையும் அதன் வளாகத்திலேயே இருக்கும் ட்ரியானோன் என்ற சிறிய மாளிகைகளையும் சேர்த்துப் பார்ப்பதற்கான சீட்டின் பெயர். அதையே வாங்கலாம்.

ரயில் டிக்கெட்

வெர்சாய்க்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும், மெட்ரோ டிக்கெட்டில் போனால் அபராதம் என்று பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். 2025 ஜனவரியில் அது மாறிவிட்டது. மெட்ரோ, ரயில், ஆர்.இ.ஆர். (பாரிஸைப் புறநகரோடு இணைக்கும் ரயில்) எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், 2.50 யூரோ என்று வைத்தார்கள். விமான நிலையத்துக்கு மட்டும் தனி. டிக்கெட் ஏற்றிக்கொள்ளும் 'நவிகோ ஈசி' அட்டை 2 யூரோ, ஆளுக்கு ஒன்று வேண்டும். போனிலும் டிக்கெட் ஏற்றலாம், ஆனால் நாள் முழுக்கப் படம் எடுத்து சார்ஜ் தீர்ந்த போனை நம்பி கேட் முன்னால் நிற்க எனக்குத் தைரியமில்லை. அட்டைதான் என் கட்சி. திரும்பி வரும் டிக்கெட்டையும் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். மாலையில் அங்கே மெஷின் முன்னால் அனுமார் வால் போல வரிசை நிற்கும்.

ரயில் (நான் சறுக்கிய இடம்)

ஏற வேண்டியது ஆர்.இ.ஆர். சி. மஞ்சள் நிறக் கோடு. சான் மிஷெலில் ஏறினோம். 'சி' என்று போட்டிருந்தது, போகிற திசையும் சரி. அப்புறம் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன். ஈஃபிள் கோபுரத்தை ஒட்டிய ஷாம்ப் து மார்ஸ் நிலையம் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தில் ஏறியது. ஜன்னலுக்குக் கீழே சென் நதி. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் மேப்பைப் பார்த்தேன். வெர்சாய் இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம்.

சி என்பது ஒரே பாதை இல்லை, கிளை கிளையாகப் பிரிகிறது. நாங்கள் ஏறியது பொந்துவாஸ் போகிற ரயில். ஆகவே ஒரு விதி: ரயில் சென் நதியைத் தாண்டினால் அது உங்கள் ரயில் இல்லை. அடுத்த நிலையமான கென்னடியில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் ஷாம்ப் து மார்ஸுக்குத் திரும்புங்கள்.

பிளாட்பார பலகையில் 'வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்' என்று முழுப்பெயரும் இருக்க வேண்டும். 'வெர்சாய்' என்பதை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். வெர்சாய் ஷாந்தியே என்று இன்னொரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் குடி முழுகிப் போகாது, நடைதான் கூடும். சரியான நிலையத்திலிருந்து அரண்மனை வாசல் பத்து நிமிட நடை.

உள்ளே

கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். எல்லாரும் கூரையைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் ஒரு பழைய கண்ணாடியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். பாதரசம் பூசியவை அவை. உங்கள் முகம் லேசாகப் புகை படிந்த மாதிரி தெரியும். முதல் உலகப் போருக்குப் பிறகு 1919 ஜூன் 28 அன்று ஜெர்மனி கையெழுத்துப் போட்ட வெர்சாய் ஒப்பந்தம் இந்த மண்டபத்தில்தான்.

ஹெர்குலிஸ் அறையைக் கடந்து ஓடிவிடாதீர்கள். ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்களைப் பதினாறாம் லூயி 1788 ஆகஸ்டில் வரவேற்றது அங்கேதான். பாண்டிச்சேரியில் கப்பலேறி வந்தவர்கள். மரியாதைக்குக் குறைவில்லை, படை மட்டும் கிடைக்கவில்லை.

ட்ரியானோன் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதுவரை அரண்மனை, பிறகு தோட்டம். நீரூற்றுகள் எல்லா நாளும் ஓடாது. ஓடுகிற நாட்களில் தோட்டத்துக்கும் கட்டணம் உண்டு. பதினான்காம் லூயிக்கே தண்ணீர் போதவில்லை. ராஜா நெருங்கும்போது விசிலடித்து, அந்தந்த ஊற்றை மட்டும் திறந்துவிடுவார்களாம்! சாப்பாட்டுக்கு நாங்கள் முதல் நாளே பாரிஸின் லாச்சப்பல் பகுதித் தமிழ்க் கடையில் ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தோம். பெரிய கால்வாய்ப் பக்கம் மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பின்சேர்க்கை: ஜூலை கடைசியில் போன ஒருவர், பாரிஸ் நடுவில் சி ரயிலே ஓடவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான், கோடையில் பராமரிப்புக்காக ஒரு பகுதியை மூடிவிடுவார்கள். அப்போது சான் லசார் நிலையத்திலிருந்து 'எல்' (L) ரயிலில் வெர்சாய் ரீவ் துருவாத் போங்கள், அல்லது மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து 'என்' (N) ரயிலில் ஷாந்தியே. ரீவ் துருவாத்திலிருந்து நடை கொஞ்சம் அதிகம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை என்றால் பக்கத்திலேயே வெர்சாயின் நோத்ர் தாம் சந்தை கூடியிருக்கும், பழம் வாங்கிக்கொண்டே நடக்கலாம்.