கப்பல் கிளம்பும் அன்றே விமானம் ஏறலாமா? வேலூர்ப் பக்கத்தார் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ புறப்படும் சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்தவுடன் அடுத்ததாக எழும் கேள்வி, கப்பல் கிளம்பும் அன்றைக்கே விமானத்தில் போய் இறங்கினால் போதுமா, முந்தைய நாளே போய்த் தங்கிவிட வேண்டுமா என்பதாகும். சென்னையில் குடியிருப்பவருக்குச் சரியாக இருக்கும் விடை, வேலூர், இராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஆம்பூர்க்காரருக்கு அதற்கு மேலும் 50 கிலோமீட்டர். இந்தத் தொலைவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் விமானச் சீட்டு எடுக்க வேண்டும்.

கணக்கைக் கப்பலின் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போடுவதே நல்லது. பயணச்சீட்டில் மாலை 5 மணி என்று அச்சிட்டிருந்தால், அது கப்பல் கரையை விட்டு நகரும் நேரமே தவிர, நீங்கள் போய்ச் சேர வேண்டிய நேரம் அன்று. பயணிகளைப் பதிவு செய்யும் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். சில நிறுவனங்களில் அதற்கும் முன்னதாக மூடுவதுண்டு என்பதால், உங்கள் சீட்டில் உள்ள நேரத்தைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் கெஞ்சிக் கேட்டு இடம் பிடிக்கும் வழி இல்லை. உதாரணமாக, அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்கள், பயணிகளின் இறுதிப் பட்டியலைப் புறப்படுவதற்கு 60 நிமிடங்கள் முன்னதாக அந்நாட்டு அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். பட்டியல் போன பிறகு ஓடி வருபவரைக் கப்பல் ஊழியர் நினைத்தாலும் ஏற்றிக்கொள்ள முடியாது.

இப்போது சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். மாலை 5 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது, கவுன்டர் 3.30க்கு மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனை முடிந்து, பெட்டிகளை எடுத்து, டாக்சி பிடித்துத் துறைமுகம் போய்ச் சேர இரண்டரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஆகவே மதியம் 1 மணிக்குள் விமானம் தரையிறங்கியிருக்க வேண்டும். சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அது நமக்குக் காலை 10.30. சென்னையிலிருந்து பறக்க ஏறக்குறைய நான்கரை மணி நேரம் என்று கொண்டால், காலை 6 மணிக்குள் விமானம் கிளம்பியாக வேண்டும். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டுமென்பதால், அதிகாலை 3 மணிக்கு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும். அதற்கு, வழியில் ஒரு தேநீருக்கு நிறுத்துவதையும் சேர்த்தால், முந்தைய நாள் இரவு பதினொன்றரைக்கே வேலூரில் கார் ஏற வேண்டும்.

இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். ‘அன்றைக்கே போகிறோம்’ என்று நாம் நினைக்கும் பயணம்கூட, நம் ஊரிலிருந்து பார்த்தால் முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. ஒரு நாள் முன்னதாகப் போவதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு நாள் விடுப்பும் ஓர் இரவு அறை வாடகையும் மட்டுமே. அந்தச் செலவை மிச்சப்படுத்துவதற்காக ஓர் இரவுத் தூக்கத்தையும் மொத்தக் கப்பல் கட்டணத்தையும் பணயம் வைக்கிறோமா என்பதே உண்மையான கேள்வி.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கோ ஓய்வு பெற்றதற்கோ கப்பல் பயணத்தைப் பரிசாகப் பதிவு செய்து கொடுப்பது இப்போது நம் பகுதியிலும் வழக்கமாகி வருகிறது. அவர்கள் திரையில் பார்ப்பது விமானம் இறங்கும் நேரத்தை மட்டுமே. காட்பாடி வீட்டிலிருந்து அம்மா இரவு பதினொன்றரைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதும், அப்பாவின் சர்க்கரை மாத்திரை வேளை மாறிப்போவதும் அந்தத் திரையில் தெரிவதில்லை. பெரியவர்கள் போகும் பயணம் என்றால், மறுபேச்சின்றி ஒரு நாள் முன்னதாகவே சீட்டு எடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. கூடவே, நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானங்களில் தேதி மாறிவிடும் என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். 15ஆம் தேதி 00.40 என்று சீட்டில் இருந்தால், 14ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மற்றவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நான் எடுத்த விமானம் ரத்தானால், அதற்குப் பிறகு கிளம்பி, கவுன்டர் மூடுவதற்கு முன் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இன்னொரு விமானம் இருக்கிறதா? இருந்தால், அன்றைக்கே போவதைப் பற்றி யோசிக்கலாம், இல்லையென்றால் கூடாது. மும்பையிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு இந்தக் கேள்வியின் விடை ஓரளவு சாதகமாகவே இருக்கும். சென்னையிலிருந்து மும்பைக்கு நாள் முழுவதும் பல விமானங்கள் இருப்பதாலும், பறக்கும் நேரம் சுமார் இரண்டு மணி மட்டுமே என்பதாலும், விடியற்காலையின் முதல் விமானத்தைப் பிடித்தால் அது தவறினாலும் வழி இருக்கும். ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மழை கொட்டும் மாதங்களில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிங்கப்பூருக்கு மேலே போட்ட கணக்கின்படி விடியற்காலையோடு வாய்ப்பு முடிந்துவிடுகிறது.

ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் கப்பல் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு நாள் கட்டாயம், முடிந்தால் இரண்டு நாள். பெரும்பாலும் வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாற வேண்டியிருக்கும்; 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் பெய்த பெருமழைக்குப் பிறகு அங்கே விமானப் போக்குவரத்து சீராகச் சில நாட்கள் ஆயின. மேலும் ‘ரோம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது 70 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிவிதாவெக்கியா துறைமுகத்தில். ‘லண்டன்’ என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஏறுகிறவர்களுக்கு விமானக் கவலை இல்லை. காலையில் கிளம்பினால் போதும்.

நம் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாலாஜாவிலிருந்து பூந்தமல்லி வரையிலான தேசிய நெடுஞ்சாலையின் விரிவாக்கப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. சென்னசமுத்திரம், நெமிலி சுங்கச்சாவடிகளிலும், ஷிப்ட் மாறும் வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகள் நிறையும் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பகுதியிலும் எவ்வளவு நேரம் போகும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் ஞாயிறு மாலைகளில் சென்னை நோக்கிய பக்கம் ஊர்ந்துதான் போகும். அந்த நாட்களில் காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம் போவதே நம்பகமான வழி. மெட்ரோ இரவெல்லாம் ஓடாது என்பதால், நள்ளிரவு விமானத்துக்குப் போகிறவர்கள் இரவு 9 மணிக்குள் சென்ட்ரலில் இறங்கிவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கணக்கை இன்னும் கடுமையாக்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023இல் மிக்ஜாம் புயலின்போது டிசம்பர் 4 அன்று மூடப்பட்டு, மறுநாள் காலையில்தான் திறந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்கும் மூடப்பட்டது. போகிப் புகையும் சேர்த்தி. 2018 போகி அன்று காலை சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள். நவம்பர், டிசம்பரில் கப்பல் ஏறுகிறவர்கள் பெங்களூர் விமான நிலையத்தையும் ஆராய வேண்டும். தொலைவு 200 கிலோமீட்டருக்கு மேல் என்றாலும், சித்தூர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளி போனால் பெங்களூர் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. வங்கக் கடலின் புயல் அந்த ஓடுபாதையைச் சென்னை அளவுக்குத் தொடுவதும் இல்லை.

கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அதற்குக் கப்பல் நிறுவனத்தின் ஒப்புதலும் அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும். புதிய விமானச் சீட்டு உங்கள் செலவு. மூன்று இரவுப் பயணத்தில் அப்படிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பயணம் முடிந்திருக்கும். வராமல் போனவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதே பொதுவான விதி. பயணக் காப்பீடு இருந்தாலும், எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் கிடைக்கும், கப்பல் கட்டணம் அதில் அடங்குமா என்ற இரண்டு வரிகளையும் கட்டாயம் படியுங்கள். விமானம் மாறிப் போகிறவர்கள் முழுப் பயணத்தையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுப்பது அவசியம். தனித்தனிச் சீட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்காக இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

முந்தைய நாள் போவதென்று முடிவு செய்தவர்கள் விசாவை மறுபடி பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் விமானம் இறங்கும் நாளும் ஒரு நாளாகக் கணக்கில் வரும். கப்பல் தேதிக்கு மட்டும் விண்ணப்பித்திருந்தால் அந்தக் கூடுதல் நாள் இடிக்கும். சிங்கப்பூர் வருகை அட்டையிலும் கப்பல் ஏறும் தேதியை எழுதாமல், போய் இறங்கும் தேதியையே எழுத வேண்டும்.

விமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நள்ளிரவு விமானத்தில் போனால் காலையில் இறங்குவீர்கள். ஆனால் விடுதி அறையைப் பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் கொடுப்பார்கள், அதுவரை தூக்கக் கலக்கத்தோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க நேரும். பகல் விமானம் கிடைத்தால் மாலையில் இறங்கி, சிராங்கூன் சாலையில் இட்லி தோசை சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கப் போகலாம். சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு: மரீனா பே முனையத்துக்கு மரீனா சவுத் பியர் ரயில் நிலையமும், மற்றதற்கு ஹார்பர்ஃபிரன்ட் நிலையமும் அருகில் உள்ளன. எதில் ஏறுகிறீர்கள் என்று சீட்டில் பார்த்துக்கொண்டு, அதற்கு எளிதாகப் போகக்கூடிய இடத்தில் அறை எடுங்கள்.

பெட்டி வந்து சேராமல் போனாலும் இந்த ஒரு நாள் கைகொடுக்கும், ஏனெனில் அடுத்த விமானத்தில் வரும் பெட்டி விடுதிக்கே வந்துவிட வாய்ப்புண்டு. விமான நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கும்போது விடுதி முகவரியோடு கப்பலின் பெயரையும், அது கிளம்பும் நேரத்தையும், அடுத்து நிற்கும் துறைமுகத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். மாத்திரைகள், பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.