கார்வெண்டலில் வட்டம் போடாதீர்கள்

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆஸ்திரியாவின் கார்வெண்டல் மலைகளுக்குள் இருக்கும் காஸ்டன்ஆல்ம் குடிலின் வாசலில் மரப்பலகையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாணவர்கள் வந்து இறங்கினார்கள். சரளைப் பாதைக்கென்றே செய்த புத்தம் புது கிராவல் சைக்கிள்கள்; சங்கிலியில் இன்னும் கடையில் பூசிய எண்ணெயின் பளபளப்பு. ஒருவன் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனை எட்டிப் பார்த்தேன். நீலக் கோடு ஒன்று ஷார்னிட்ஸ் கிராமத்தில் புறப்பட்டு, இசார் ஆற்றோடு உள்ளே வந்து, மலையைத் தாண்டி, இன் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, இன்ஸ்ப்ரூக்கில் ரயிலேறி ஷார்னிட்ஸுக்கே திரும்பியது. எனக்குப் புரை ஏறியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே கோட்டை என் கையால் வரைந்தவன் நான்.

ஹெல்மெட் போடுங்கள், மாற்று டியூப் எடுத்துப்போங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்து மலைக்குள் சைக்கிளோடு போவதில்லை. தெரிந்தவர்கள் செய்யும் தவறுகள் வேறு.

வட்டம் போடும் ஆசை

உள்ளங்கையை மேசைமேல் விரித்து வையுங்கள். மணிக்கட்டு ஷார்னிட்ஸ், 964 மீட்டர் உயரம். அங்கிருந்து கிழக்கே நீளும் விரல்கள்தான் பள்ளத்தாக்குகள்: கார்வெண்டல்டால், ஹின்டராவ்டால், கிளைர்ஷ்டால். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த கார்வெண்டல் இயற்கைப் பூங்காவில், ஷார்னிட்ஸ் பக்கத்து கிராவல் பாதைகள் பெரும்பாலும் இந்த விரல்களுக்குள்தான் ஓடுகின்றன. விரல்களுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்புக்கல் சுவர். முதல் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவில் நிற்கும் பிர்க்கார் சிகரத்தின் உயரம் 2,749 மீட்டர். ஒரு விரலில் நுழைந்தவர், விரல் நுனியைத் தொட்டுவிட்டு மணிக்கட்டுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் போன வழியே திரும்புவது நம்மில் பலருக்குத் தோல்விபோல இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரே பாதையை இரண்டு தரம் பார்ப்பதா? போனில் வரைபட ஆப்பைத் திறந்தேன், விரலால் இழுத்தேன், வட்டம் மூடிக்கொண்டது. மலைமேல் கோடு புள்ளிபுள்ளியாக மாறியதைக் கவனித்தேன். கவனித்தும், அதற்கு என்ன பொருள் என்று பார்க்கவில்லை.

ஹின்டராவ்டால் ஆளை ஏமாற்றும் பள்ளத்தாக்கு. இசார் ஆறு பிறக்கும் இடத்தைக் கடந்து காஸ்டன்ஆல்ம் வரை சுமார் 14 கிலோமீட்டரில் ஏறுவது 250 மீட்டர் சொச்சம். பேசிக்கொண்டே மிதிக்கலாம். அதற்கப்புறம்தான் பாதை முகத்தைக் காட்டும்: ஐந்து கிலோமீட்டருக்குள் 550 மீட்டர் ஏறி ஹாலராங்கர் குடிலுக்கு. நாக்குத் தள்ளி மேலே போய்ச் சேர்ந்தால், திரை சொல்கிறது: லாஃபாட்ஷர் யோஹ் கணவாய் 2,081 மீட்டர், இன்னும் முந்நூறு மீட்டர் ஏற்றம்தான். அதற்குப் பின் எல்லாம் இறக்கம். இந்த "தான்" என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

செப்டம்பர் கடைசி. மதியம் இரண்டு மணி. குடிலில் சூப் கொண்டுவந்த அம்மா என் சைக்கிளைப் பார்த்தார், கணவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சைக்கிளோடவா?" என்று மட்டும் கேட்டார். வியக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

முதல் கால் மணி நேரம் உருட்டினேன். பிறகு தோளில் தூக்கினேன். பைகளோடு சேர்த்து பதின்மூன்று கிலோ. பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவின் அடியில் இரும்பு. ஈரச் சுண்ணாம்புப் பாறையில் அது ஐஸில் நடப்பது மாதிரி. ஓரிடத்தில், கீழே இறங்கி வந்த ஒரு பெண்மணி தன் குழந்தையைப் பாறையோடு அணைத்துக்கொண்டு எனக்கு வழிவிட்டு நின்றார். இன்றும் அந்தப் பாதையை நினைத்தால் வலித்த தோள் ஞாபகம் வருவதில்லை, அந்தக் குழந்தையின் கண்தான் வருகிறது. நடப்பவர்களுக்கான பாதை அது. நான் அங்கே இருந்திருக்கவே கூடாது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் இறக்கம் வந்தது. உருட்டக்கூட முடியாத இறக்கம். வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் உதிரிக்கல். மூன்றாவது வளைவில் வழுக்கினேன்; சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தது, பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டெரெய்லர் பாறையில் மோதி, அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தது. கியர் மாறாமல் போனது. ஹால்டால் பள்ளத்தாக்கில் ஒருவழியாகச் சாலை கிடைத்தபோது இருட்டிவிட்டது. 1967 வரை உப்பு வெட்டிய சுரங்கத்தின் பழைய வீடுகள் அங்கே இருக்கின்றன. பகலில் பார்க்க வேண்டிய இடம், நான் இருட்டில் திட்டிக்கொண்டே கடந்தேன். சாலையும் மகா செங்குத்து. பிரேக் பேட் கருகும் வாசம் வந்ததும் இறங்கி நடந்தேன். ஆப்சாம் கிராமத்தை எட்டியபோது இரவு ஒன்பதரை. கார் மலைக்கு அந்தப் பக்கம் ஷார்னிட்ஸில்.

அறை வாடகை, பேட், ஷூ, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து நானூறு யூரோவுக்கு மேல் போனது. அது போகட்டும். விரல் நீள அலுமினியத் துண்டான அந்த ஹேங்கர் என் மாடலுக்குக் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த வருஷத்தின் கடைசி நல்ல வெயில் வாரங்களை நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் எரிச்சல் அதில்தான்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் 1975 வனச் சட்டப்படி காட்டில் பொழுதுபோக்காக யாரும் நடக்கலாம். சைக்கிள் ஓட்ட உரியவரின் சம்மதம் வேண்டும். டிரோலில், சாலைக்கு உரியவரோடு ஒப்பந்தம் போட்டுத் திறந்துவிட்ட காட்டுச் சாலைகளில் மட்டும் சைக்கிள் பலகை இருக்கும். பலகை இல்லாத காட்டுச் சாலை எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் உங்களுக்கானது இல்லை. ஆப்புக்கு இந்த ஒப்பந்தமெல்லாம் தெரியாது. வேறு யாரோ அங்கே ஓட்டிய தடம் தெரியும், அதையே பாதை என்று காட்டிவிடும்.

வட்டம் போட்டே தீர வேண்டும் என்றால், கார்வெண்டலிலேயே ஒழுங்கான வட்டம் ஒன்று இருக்கிறது. ஷார்னிட்ஸிலிருந்து கார்வெண்டல்ஹவுஸ் குடில், பக்கத்திலேயே 1,803 மீட்டரில் ஹோஹால்ம் கணவாய், கீழே பழைய மேப்பிள் மரங்கள் நிற்கும் சின்ன ஆஹோர்ன்போடன், யோஹானஸ்டால் வழியாக ஹின்டர்ரிஸ். பிறகு ஜெர்மனிக்குள் நுழைந்து வால்காவ், மிட்டன்வால்ட் வழியே வீடு. 80 கிலோமீட்டரை ஒட்டி வரும். இது சாத்தியப்படக் காரணம், கணவாயின் இரண்டு பக்கமும் வண்டிச் சாலை இருப்பதுதான். வரைபடத்தில் பார்க்க வேண்டியது அதைத்தான்: உச்சியின் இருபுறமும் இரட்டைக் கோடு இருக்கிறதா? ஒரு பக்கம் புள்ளிக்கோடு என்றால் திரும்புங்கள்.

ஒன்று கவனித்தீர்களா, ஹின்டர்ரிஸ் ஆஸ்திரிய ஊர். ஆனால் கார் போகும் சாலை ஜெர்மனி வழியாக மட்டும்தான். ரயிலும் கிடையாது. யோஹானஸ்டாலில் இறங்கியபிறகு "போதும், ஊருக்குப் போய்விடலாம்" என்று முடிவெடுத்தால் எளிதான வழி ஒன்றும் இல்லை. அந்த முடிவைக் கார்வெண்டல்ஹவுஸிலேயே எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கல்லுப்போல அடித்த டயர்

லாரி ஏறும் காட்டுச் சாலைகளில் புதிதாகக் கொட்டும் சுண்ணாம்பு ஜல்லி கூர்மையானது. கடையில் அடித்துக்கொடுத்த காற்றோடு அப்படியே வருகிறவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம், கை நடுங்கிக்கொண்டு வருவார்கள். என் எடை 74 கிலோ. 45 மி.மீ. டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தம் முன்னே 1.9 பார், பின்னே 2.1. உங்கள் எடைக்கு ஏற்ப ஏற்றி இறக்கிப் பாருங்கள். 35 மி.மீ. டயரோடு வந்து பாதையைத் திட்டாதீர்கள்.

பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவது

கார்வெண்டல்ஹவுஸிலிருந்து திரும்பும்போது பயத்தில் இரண்டு லீவரையும் விடாமல் பிடித்திருப்பார்கள். வட்டு சூடாகி, பேட் கண்ணாடிபோல வழுவழுப்பாகி, வேண்டிய வளைவில் பிடிக்காது. நேர்பாதையில் விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன்பே அழுத்திக் குறையுங்கள், மறுபடி விடுங்கள். கீழே நடந்து வருகிறவர் தெரிந்தால் மணியடிப்பதோடு நிறுத்தாதீர்கள், வேகத்தையும் நடைக்குக் குறையுங்கள்.

ஆற்றுச் சரளை

"கிராவல் சைக்கிள்தானே, கிராவலில் இறங்கினால் என்ன?" என்று இசார் ஆற்றின் சரளைத்திட்டுகளில் ஓட்டிப் படம் எடுக்கிறார்கள். ஆற்று உள்ளான் என்ற பறவை அந்தக் கற்களுக்கு நடுவேதான் முட்டையிடும். முட்டையும் கல்லும் ஒரே நிறம். டயருக்கடியில் போனால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மாடு

கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். நீங்கள் திறந்த வேலிக் கதவை மூடுங்கள்.

மே மாதம்

பள்ளத்தாக்கில் பூ பூத்திருக்கும், மேலே நிழல் பக்கத்தில் பனிச்சரிவு விழுந்த மிச்சம் சாலையை அடைத்திருக்கும். ஜூன் பாதிக்கு முன் மேல் குடில்களைத் திட்டத்தில் வைக்காதீர்கள்.

இடி

கோடையில் மதியத்துக்கு மேல் வரும். காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள்.

போன்

உள்ளே பல இடங்களில் சிக்னல் இல்லை. மலை மீட்பு எண் 140. அதை அழைக்கச் சிக்னல் கிடைத்த கடைசி இடம் எது என்று போகும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

காசு

எல்லாக் குடிலிலும் கார்டு செல்லும் என்று நம்பி வராதீர்கள். அந்த மூன்று மாணவர்களிடமும் ஒரு நாணயம்கூட இல்லை. மூன்று கிளாஸ் மோருக்கு நான்தான் கொடுத்தேன். அதனால்தான் உச்சியின் இருபுறமும் இரட்டைக் கோடு, விரல், மணிக்கட்டு என்று நான் பேசியதை எழுந்து போகாமல் கேட்டார்கள். நீலக் கோடு வைத்திருந்தவன் கடைசியில், "அப்படியென்றால் ஹாலராங்கர் வரை போய்விட்டுத் திரும்பலாமா?" என்று கேட்டான். போங்கள் என்றேன். மாலை ஐந்து மணிக்கு ஷார்னிட்ஸ் ரயில் நிலையத்தில் பார்த்தேன். மூன்று சைக்கிளிலும் ஹேங்கர் நேராக இருந்தது.