கிண்ணத்தில் பச்சை தெரிந்தால் மட்டும் போதாது

அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: இனி மதியத்தில் கண்டதையும் தின்பதில்லை. நல்ல முடிவு. சாலட், சூப், தானியக் கிண்ணம் எல்லாம் கிடைக்கிற, ஆர்ப்பாட்டமில்லாத ஓர் உணவகம் நடக்கிற தூரத்தில் அகப்பட்டதும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே கூத்துகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

கை கழுவாமல் உட்காருவது, பொரித்ததை அள்ளிக்கொண்டு மேலே இரண்டு இலையைப் போட்டுக்கொள்வது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று செய்கிறவருக்கே தெரியும்.

கூட்டம் ஓய்ந்த பிறகு போவது

வரிசையில் யார் நிற்பது என்று இரண்டரை மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்கும். அப்போதுதான் வெட்டிய வெள்ளரிக்காய் கிடைக்குமா என்பது வேறு விஷயம். உச்ச நேரத்தில் தட்டுகள் காலியாகிக்கொண்டே இருக்கும், புதிது வந்துகொண்டே இருக்கும். கூட்டம் குறைந்ததும் கடைசியாக வந்த தட்டு அப்படியே நிற்கிறது. இலைகளின் ஓரம் பழுத்திருக்கிறதா, தக்காளிக்கு அடியில் நீர் தேங்கியிருக்கிறதா, சாஸின் மேல் ஆடை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பழையதைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதைப் போடுகிற கடை என்றால் வேறு கடை தேடுவது நல்லது.

நெரிசல் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போவதுதான் என் வழக்கம். சூடானது ஆவி பறக்க வேண்டும், குளிர்ந்தது தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக வைத்திருக்க வேண்டியது வெதுவெதுப்பாக இருந்தால் தொடமாட்டேன்.

மீதியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அளவோடு சாப்பிடுவதாக எண்ணிக்கொண்டு செய்யப்படும் தவறு என்பதால் எரிச்சல் இன்னும் அதிகம்.

எங்கள் பிரிவில் ஓர் இளைஞர். சோறு, வாட்டிய காய்கள், கோழித்துண்டுகள் சேர்ந்த ஒரு கிண்ணத்தை வாங்கிவந்தார். பாதியைச் சாப்பிட்டார், மூடியை அழுத்தி மூடினார், கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். ஜன்னல் வெயில் நேராக அந்த மேசையில்தான் விழும். கூட்டம், தொலைபேசி, இன்னொரு கூட்டம். மாலை ஐந்தரைக்கு அதை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். இரவு முழுக்க வாந்தி. மறுநாள் காலையில் அவர் வாடிக்கையாளர் முன்னால் பேசவேண்டிய நாள், அதற்காகப் பல வாரம் உழைத்திருந்தார். அவர் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, அவருடைய வேலையை வேறொருவர் பேசிவிட்டு வந்தார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்த உணவகத்தைத் திட்டி இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டார். அதே சட்டியிலிருந்து வந்த சோற்றை நாங்கள் நான்கு பேர் அப்போதே சாப்பிட்டிருந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சொன்னபோது அவர் தந்த பதில்: “சூடாக்கித்தானே சாப்பிட்டேன், அக்கா.”

இந்த நம்பிக்கைதான் ஆபத்து. அரிசியிலும் பிற தானியங்களிலும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். வேகவைப்பதால் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சை உணவிலேயே விட்டுவிடுகின்றன. அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. மைக்ரோவேவ் பாக்டீரியாவைக் கொன்றிருக்கலாம், அது ஏற்கெனவே விட்டுவைத்த நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். மோந்து பார்த்தோ ருசி பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளியது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் மூடி போட்ட நொடியிலிருந்து இதை எண்ணக் கூடாது. அடுப்பிலும் சூடேற்றும் தட்டிலும் இருந்து உணவு இறங்கிய நேரத்திலிருந்தே எண்ண வேண்டும். கடையிலிருந்து நடந்து வந்ததும் இதில் சேரும்.

ஆகவே பாதிதான் வேண்டும் என்றால் சாப்பிடத் தொடங்கும் முன்பே, கரண்டி படாத பாதியை வேறு டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் முகம் சுளிக்காமல் தருவார்கள். அலுவலகம் வந்ததும் முதலில் குளிர்பெட்டி, பிறகுதான் மின்னஞ்சல். குளிர்பெட்டி இல்லாத இடத்தில் வேலை செய்கிறீர்களா? சின்னக் கிண்ணமாகக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மீதியைக் கொட்டிவிடுங்கள். உணவை வீணாக்குவது எனக்கும் பிடிக்காது, ஆனால் வயிறு குப்பைத்தொட்டி அல்ல. டிரெஸ்ஸிங், அதாவது மேலே ஊற்றும் சாஸ், கலந்த சாலட்டைப் பொறுத்தவரை மாலைக்கு எடுத்துவைக்கும் பேச்சே வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்தாலும் இலைகள் துவண்டு கூழாகிவிடும்.

“எண்ணெயே வேண்டாம்” என்பது

கேரட், தக்காளி, கீரை வகைகளில் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற சத்துகள் கொழுப்பில் கரைபவை. 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்குடன் சாலட் சாப்பிட்டவர்களின் உடலில் அவை ஏறக்குறைய சேரவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய காய்கறியின் பலனில் ஒரு பகுதியை நாமே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறோம்.

அதற்காகக் கடைக்காரர் கை போன போக்கில் ஊற்றட்டும் என்றும் விடக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கி நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். டிரெஸ்ஸிங் பிடிக்காதவர்களுக்கு அவித்த முட்டையோ ஒரு பிடி கொட்டைகளோ போதும்.

வெறும் இலையைத் தின்றுவிட்டு எழுந்திருப்பது

நான்கு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடுவீர்கள். பயறு, முட்டை, மீன், பன்னீர் ஏதாவது ஒன்று கிண்ணத்தில் இருக்கட்டும்.

பச்சை முளைகள் எப்போதும் நல்லவை என்று நம்புவது

2011-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தொற்று ஒன்று பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் வெந்தய முளைகள் என்று கண்டறிந்தார்கள். விதையிலேயே கிருமி இருந்தால் கழுவிப் பயனில்லை. முளைகட்டத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அருமையாகப் பொருந்தும். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் விருப்பம். நான் வேகவைத்தே கேட்கிறேன்.

பழச்சாறு

பழத்தையே கேளுங்கள். வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை நிற்கும்.

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது

வேண்டாம்.

கடைசி வாயோடு தேநீர்

தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிபீனால்கள் என்ற பொருள்கள், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கிண்ணத்தின் மேல் எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும். இரத்தசோகை இல்லாதவர்கள் இதற்காகத் தேநீரோடு சண்டை போட வேண்டியதில்லை.