முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா காலை மடக்க வெச்ச கதை

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் எங்க ஊரு. அம்மாவுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா வீட்டுக்கு வந்ததும் வலிக்குதுன்னு காலை அசைக்கவே மாட்டேன்னுட்டாங்க, மடக்கவும் வரல முழுசா நீட்டவும் வரல. நம்ம மாவட்டம் சாமனப்பள்ளியில 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு ஆரம்பிச்சாங்களே மக்களைத் தேடி மருத்துவம்னு அரசுத் திட்டம், அதுல பயிற்சி சொல்லித் தர்ற பிசியோதெரபிஸ்ட் (பிசியோ) வீட்டுக்கே வருவாங்க, அதனால பிரஷர் மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலர் அக்காகிட்ட சொன்னேன். பிசியோ வந்து பாத்து சொல்லிக் குடுத்தாரு, ஆனா அவரு தினமும் வர முடியாதுல்ல, அந்த அக்காதான் போகும்போது வரும்போதெல்லாம் எட்டிப் பாத்து, "வாங்கம்மா நானும் கூட பண்றேன்"னு எதுத்தாப்புல பாய் போட்டு உக்காந்துடும். மகன் சொன்னா கேக்காத அம்மா அதுக்கு கேட்டாங்க.

சொல்லிக் குடுத்த பயிற்சி இதுதான்: பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டணும், குதிகாலுக்கு அடியில துண்டை சுருட்டி வெச்சு முட்டியை கீழ அழுத்தி அஞ்சு எண்ணணும், படுத்துகிட்டே குதிகாலை பின்னால இழுத்து மடக்கணும். முட்டிக்கு அடியில மட்டும் தலையணை வெக்க விடாதீங்க, சுகமாதான் இருக்கும், ஆனா மடங்குன வாக்குலயே இறுகிடும். முடிச்சதும் துணியில சுத்தின ஐஸ். நாற்காலியில ஒழுங்கா உக்காரவே 90 டிகிரி மடங்கணும், அம்மாவுக்கு இப்ப அது வந்துடுச்சு, படியும் ஏறுறாங்க. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல.

கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா பயிற்சிய நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க, ரத்தம் உறைஞ்சிருக்கலாம்.