ஆதிச் சபை வரலாறு: உபத்திரவமும் வளர்ச்சியும் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதல் 300 ஆண்டுகள் சபை ஓயாத உபத்திரவத்தில் இருந்தது." பிரசங்கங்களிலும் வேதாகமக் கல்லூரி விடைத்தாள்களிலும் தவறாமல் வரும் இந்த வாக்கியம் சரியல்ல. கி.பி. 250 வரை உபத்திரவம் ஊருக்கு ஊர், ஆளுநருக்கு ஆளுநர் மாறியது. 64-இல் பேரரசர் நீரோ கொன்றது ரோம் நகரத்துக் கிறிஸ்தவர்களை. அது நகரத்தைத் தாண்டியதற்குச் சான்றில்லை. சுமார் 112-இல் பித்தினியா ஆளுநர் பிளினிக்குப் பேரரசர் டிராஜன் எழுதிய பதிலில் நடைமுறை தெளிவாக இருக்கிறது: தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாப் புகாரை ஏற்க வேண்டாம், நிரூபணமானால் தண்டிக்கவும், மறுதலித்துத் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடவும். ஆக, யாரும் புகார் தராத ஊரில் கிறிஸ்தவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். கூட்டம் கொதித்த ஊரில், 177-இல் லியோனில் நடந்தது போல, கொத்தாகச் சாக நேர்ந்தது. எனவே ஆண்டையும் ஊரையும் சொல்லாமல் "ரோமர்கள் கொன்றார்கள்" என்று எழுதாதீர்கள்.

சுமார் 250-இல் பேரரசர் டெசியஸின் ஆணையோடு நிலைமை மாறியது. அது பேரரசு முழுவதற்கும் பொருந்தியது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று நினைப்பதுதான் இங்கே வரும் பிழை. ஏறக்குறைய எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சான்றிதழ்களில் ஒன்று 72 வயது முதியவருடையது. அடையாளம், வலது புருவத்தில் தழும்பு. "எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன்; இப்போதும் உங்கள் முன்னிலையில் பானபலி ஊற்றினேன், பலியிட்டேன், படைத்ததைச் சாப்பிட்டேன்" என்பது அதன் சாரம். முதலைத் தெய்வத்தின் பெண் பூசாரி ஒருவர்கூட இப்படி ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கிறார்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் உறுதியாக நின்றார்கள் என்பதும் உண்மையல்ல. ஏராளமானோர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஒளிந்திருந்தபடியே கடிதங்களால் சபையை நடத்தினார். 258-இல் பேரரசர் வலேரியன் காலத்தில் இரத்தசாட்சியானவரும் இதே சிப்ரியான்தான். இப்படிப் பலியிட்டு விழுந்தவர்களைச் சபையில் மீண்டும் சேர்க்கலாமா என்ற சண்டையில்தான் 251-இல் ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர் தனிச் சபை கண்டார்.

"இரத்தம் சிந்தியதால் சபை வளர்ந்தது" என்பது மேடைக்கு நன்றாக இருக்கும். காலக்கணக்கு ஒத்துழைக்காது. 260-இல் பேரரசர் கல்லியேனஸ் உபத்திரவத்தை நிறுத்தியதிலிருந்து 303-இல் பேரரசர் டயோக்ளீஷியன் நிக்கொமேதியாவின் கிறிஸ்தவ ஆலயத்தை இடிக்கும் வரை நாற்பது ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் அமைதி. சபை அப்போது மேலும் பரவலாக வேர்விட்டது. வளர்ச்சிக்குக் காரணம் தேடுகிறவர்கள் ரோம் ஆயர் கொர்நேலியு 251 வாக்கில் தந்த கணக்கைப் பார்க்கட்டும்: 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், சபை பராமரித்த விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல். (நிலவறைக் கல்லறைகளில் ஒளிந்து ஆராதித்தார்கள் என்பதையும் விட்டுவிடலாம், அவை அடக்கம் செய்த இடங்கள்.)

எல்லா மாறுபாட்டையும் துருபதேசம் (தவறான போதனை) என்று ஒரே மூட்டையில் கட்டுவது அடுத்த தவறு. 144-இல் ரோம் சபை விலக்கிய மார்சியன் பழைய ஏற்பாட்டையே தள்ளி, வெட்டிய லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். அது உபதேசப் பிழை. நோவேஷியனும், பின்னர் வட ஆப்பிரிக்காவில் பிரிந்த டொனேட்டஸ் கூட்டத்தாரும், திரித்துவத்தை மறுக்கவில்லை. ஒழுங்கு பற்றிய தகராறில் பிரிந்தவர்கள். பிரிவினை வேறு, துருபதேசம் வேறு.

325-இல் நைசியாவில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கதைக்கு ஆதாரமே இல்லை. அங்கே பேசியவை கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியஸின் போதனை, பஸ்கா தேதி, 20 ஒழுங்குவிதிகள். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டது 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய கடிதம். ஆரியஸ் விவகாரமும் நைசியாவோடு முடியவில்லை. ஆரியஸை எதிர்த்த அதே அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார்.

பேரரசர் கான்ஸ்டன்டைன் 313-இல் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார் என்றும் எழுதுகிறார்கள். 313 தந்தது வழிபாட்டு உரிமையும், பறித்த சொத்துகளைத் திரும்பப் பெறும் உரிமையும். அதுவும் எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் என்ற அடிப்படையில். அரச மதமாக்கியது 380-இல் பேரரசர் தியோடோசியஸின் ஆணை. நைசியா சங்கம் அறிக்கையிட்ட விசுவாசத்தை ஏற்காத கிறிஸ்தவர்களைத் துருபதேசக்காரர் என்று அது அறிவித்தது. அவர்கள் கூடும் இடத்துக்குச் சபை என்ற பெயரும் கூடாது என்றது.