பிள்ளையோடு ஊருக்குப் போகிறீர்களா? அலர்ஜி மருந்து பற்றிக் கொஞ்சம்

ஊரில் போய் இறங்கிய மறுநாளே பிள்ளைக்குத் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கிவிடும். கொசு கடித்த இடமெல்லாம் தடித்துச் சிவந்து நிற்கும். பெரும்பாலும் அலர்ஜி சிரப்போடு அடங்கிவிடுகிற விஷயம்தான். ஆனால் இங்கே கொடுத்துப் பழகிய மருந்து அங்கே வேறு பெயரில், வேறு செறிவில் இருக்கலாம். சிக்கல் அங்கேதான்.

அதனால் புறப்படும் முன்பே மருந்தின் பொதுப் பெயரையும் (கம்பெனி வைத்த பெயரல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), அளவை மில்லிகிராமிலும் பிள்ளையின் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'ஒரு ஸ்பூன்' கணக்கு பயணத்துக்கு ஆகாது. செட்டிரிசின் என்கிற அலர்ஜி மருந்தின் சிரப்பில் வழக்கமாக 5 மி.லி.க்கு 5 மி.கி. மருந்து. சில நாடுகளில் விற்கும் சொட்டு மருந்திலோ 1 மி.லி.க்கே 10 மி.கி. இருக்கும். 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வழக்கமான அளவு 2.5 மி.கி.; சிரப்பில் அது இரண்டரை மி.லி., சொட்டு மருந்தில் கால் மி.லி. மாற்றி ஊற்றினால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். லெவோசெட்டிரிசின் என்று போட்டிருந்தால் அது வேறு கணக்கு. செட்டிரிசினில் பாதி மில்லிகிராமே அதே வேலையைச் செய்யும். அளக்க, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் எல்லாம் பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள். மூளைக்குள் நுழைந்து தூங்க வைப்பவை. செட்டிரிசின், லோராட்டடின், பெக்சோபெனடின் ஆகியவற்றில் தூக்கம் குறைவு (செட்டிரிசினுக்குச் சில பிள்ளைகள் கொஞ்சம் சொக்கும்). அரிப்புக்கும் தும்மலுக்கும் இவையே போதும். பெக்சோபெனடினைப் பழச்சாறோடு கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடு கொடுங்கள்.

விமானத்தில் தூங்கட்டும் என்று பழைய மருந்தைக் கொடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதில் துள்ளத் தொடங்கும். முன் சீட்டுக்காரருக்கும் அன்று சிவராத்திரிதான். அதைவிடப் பெரிய காரணம், புரோமெத்தசின் மூச்சையே அடக்கக்கூடியது. 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாதென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ 2004-ல் கடும் எச்சரிக்கை விட்டது.

அப்புறம் சளி சிரப். பாசத்தில் பாட்டியோ சித்தியோ ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. காலையில் நீங்கள் கொடுத்த செட்டிரிசினோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டிவிடுங்கள்.

மூக்கடைப்புதான் பெருந்தொல்லை என்றால் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மருந்துகளுக்கு அது அவ்வளவாகக் கேட்காது. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே தேவையா என்று புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அதன் முழுப் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும்.

உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், பிள்ளை துவண்டால் சிரப்பைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அது தடிப்பை அடக்குமே தவிர, மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. போட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தானே குத்தும் அட்ரினலின் பேனா எல்லா நாட்டிலும் எளிதில் கிடைக்காது. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டாக, மருத்துவர் கடிதத்தோடு, கைப்பையிலேயே கொண்டுபோங்கள். வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள், பிரிட்ஜிலும் வைக்காதீர்கள்.