தரையில் ஒரு புறாக் குஞ்சு: தூக்குவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

மரத்தடியில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. பறக்கவில்லை, ஓடவும் இல்லை. பார்த்ததும் மனசு கேட்காது, கை தானாக நீளும். கொஞ்சம் பொறுங்கள். தரையில் இருக்கிற குஞ்செல்லாம் தாயை இழந்த குஞ்சு இல்லை.

படி 1: புறாதானா?

மைனா, காகம், குருவிக் குஞ்சுகள் பக்கத்தில் அசைவு தெரிந்தாலே வாயை அகலத் திறக்கும். புறாக் குஞ்சு திறக்காது. எனக்கு மிகவும் நம்பகமான அடையாளம் இதுதான். அலகும் வேறு மாதிரி இருக்கும்: முகத்துக்குப் பொருந்தாத நீளம், அடியில் தடித்து மெத்தென்று. தோல்மேல் மஞ்சள் மயிர் நூல் நூலாக ஒட்டியிருக்கும். இறகு முளைத்த பிறகும் தலையில் அந்த நூல் நாலைந்து நீட்டிக்கொண்டு நிற்கும்.

கழுத்துப் புள்ளியையும் கறுப்புப் பட்டையையும் குஞ்சிடம் தேடாதீர்கள். புள்ளிப்புறாவுக்குப் புள்ளியும் கள்ளிப்புறாவுக்குப் பட்டையும் வளர்ந்த பிறகுதான் வரும்.

படி 2: எந்தப் பருவம்?

கண் மூடி, தோல் தெரிந்தால் பொரித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். உடம்பெல்லாம் முள் முள்ளாக இருந்தால் இறகு இன்னும் உறைக்குள் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு வாரம். இந்த இரண்டு பருவமும் கூட்டில் இருக்க வேண்டியவை.

உடம்பு முழுக்க இறகு, வால் மட்டும் குட்டை, விரலை நீட்டினால் பிடித்து உட்காருகிறது என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. சின்னப் புறா வகைகள் சுமார் இரண்டு வாரத்திலேயே கூட்டை விட்டு இறங்கிவிடும். சில நாள் தாழ்வான இடங்களில் தத்தித் திரியும், தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும். அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் பெற்றோரிடமிருந்து பிரித்துவிட்டோம் என்று அர்த்தம். நாயோ பூனையோ வரும் இடமாக இருந்தால் பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ ஏற்றிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

படி 3: அடிபட்டிருக்கிறதா?

ரத்தம், தொங்கும் இறக்கை, சாய்ந்த தலை, ஈ அல்லது எறும்பு மொய்த்தல், தொட்டால் சில்லென்று இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், படி 5-க்குப் போய்விடுங்கள். பூனை வாயில் பட்ட குஞ்சுக்கு வெளியே காயமே தெரியாமல் இருக்கலாம். பூனையின் பல்லில் இருக்கும் கிருமி ஊசி முனை அளவு துளை வழியாகக்கூட ரத்தத்தில் ஏறிவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி மருந்து ஆரம்பிக்க வேண்டும்.

படி 4: கூட்டுக்குத் திருப்புங்கள்

அடிபடாத சின்னக் குஞ்சு என்றால் நேர் மேலே பாருங்கள். புறாக் கூடு பத்திருபது குச்சியைக் குறுக்கே போட்ட மாதிரிதான் இருக்கும், ஒரு காற்றுக்கே சரிந்துவிடும். கூடு எட்டினால் குஞ்சை அதில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை.

கூடு கலைந்திருந்தால் சின்னக் கூடை ஒன்றில் காய்ந்த குச்சியைப் பரப்பி, பழைய இடத்துக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாகக் கட்டுங்கள். மழைத் தண்ணீர் வடிய அடியில் துளை வேண்டும். புறா வழக்கமாக இரண்டு முட்டைதான் இடும், அதனால் இன்னொரு குஞ்சும் விழுந்திருக்கிறதா என்று சுற்றிலும் தேடுங்கள்.

பிறகு தள்ளிப் போய், மறைவாக நின்று கவனியுங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கொஞ்சம் வளர்ந்த குஞ்சுக்குப் புறா ஒரு நாளில் சில தடவைதான் ஊட்டும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ‘தாய் வரவில்லை’ என்று முடிவு கட்டக்கூடாது, சில மணி நேரம் கொடுங்கள். ஆனால் இறகில்லாத குஞ்சு இருட்டும்வரை தனியாகவே கிடந்தால் குளிரிலேயே போய்விடும், அதை எடுத்துவிடுங்கள்.

படி 5: சூடு, இருட்டு, அமைதி

மூடியில் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே மெல்லிய துணி. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, ஒரு பக்கமாக மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். பெட்டியைச் சத்தமில்லாத அறையில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீட்டில் வளர்க்கும் பறவைகளிடமிருந்து பெட்டியைத் தள்ளி வையுங்கள்.

படி 6: வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

நான் முதலில் எடுத்து வந்த குஞ்சுக்கு, தாகமாக இருக்கும் என்று நினைத்து அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். காலையில் அது உயிரோடு இல்லை. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

புறாக் குஞ்சு சாப்பிடும் விதமே தனி. தாயின் தொண்டைக்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சும். முதல் சில நாள் அதற்குக் கிடைப்பது புறாப்பால் மட்டும். தாய், தகப்பன் இரண்டின் தீனிப்பையிலும் சுரக்கும் தயிர்க்கட்டி மாதிரியான பொருள் அது, புரதமும் கொழுப்பும் நிறைந்தது. பசித்த குஞ்சைக் கையில் வைத்தால், கீச்கீச்சென்று இறக்கையை அடித்துக்கொண்டு விரல் இடுக்குகளில் அலகைத் திணித்துத் திணித்துத் தேடும். பசும்பாலோ ரொட்டியோ அதற்கு ஈடாகாது, கெடுதல்தான். உடம்பு சில்லென்று இருக்கும்போது எதைக் கொடுத்தாலும் செரிக்காது, முதலில் சூடு ஏறட்டும். உணவை மருத்துவரோ காட்டுயிர் மறுவாழ்வு மையமோ சொல்லட்டும்.

படி 7: ஒப்படைப்பது

பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர், வனத்துறை, காட்டுயிர் மறுவாழ்வு மையம் என்று யாரிடம் முடியுமோ அவர்களிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். பல நாடுகளில் காட்டுப் பறவையை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். கொண்டுபோகும்போது எந்த மரத்தடியில், எத்தனை மணிக்குக் கிடைத்தது, பூனை பக்கத்தில் இருந்ததா, என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டுங்கள். தேறிய பிறகு அதை எங்கே பறக்கவிடுவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு அந்தத் தாள் உதவும்.